ஒண்டு குறையுது

குறிகட்டுவான் இறங்குதுறையில்
இரண்டு சுழல்கம்பி.
அவற்றின் பின்னால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இரண்டு கோர்.
ஆள் நுழைந்தால் எண் ஒன்றால் ஏறும்.
அவ்வளவுதான் வேலை.
நான் எழுதியது.

செவ்வாய்க்கிழமை பிலேந்திரன் போன் எடுத்தார்:
"தங்கச்சி, படகிலை எழுபத்திமூண்டு பேர்.
உம்மடை பெட்டி எழுபத்திரண்டிலை நிக்குது.
நான் ரெண்டுதரம் எண்ணிப்போட்டன்.
கணக்கு ஒத்துவராமல் வெளிக்கிடேலாது.
ஆரை இறக்கிறது?"

பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்து மாடியில்
மூன்று இரவு தேடினேன்.
பிழை வரும் இடத்தில்
'இங்கே வந்தேன்' என்று ஒரு வரி அச்சிட வைத்தால்
பிழை வராது.
வரியை எடுத்தால் வரும்,
நாலாயிரத்துக்கு ஒரு தடவை.
வாத்தியார் திரும்பிப் பார்த்தால் மட்டும்
நல்ல பெடியன்.

பேந்துதான் விளங்கியது.
'ஒன்று கூட்டு' என்று நான் எழுதிய ஒரே வரி
கேர்னலுக்குள் போனதும் மூன்று காரியம்:
எடு. கூட்டு. வை.
எடுப்பதற்கும் வைப்பதற்கும் இடையில்
இமை அசையக்கூட நேரமில்லை,
ஆனால் இன்னொரு கை நுழைய இடமிருக்கிறது.

நாற்பத்தொன்றை எடுத்தது இடது.
அதே நாற்பத்தொன்றை எடுத்தது வலது.
இரண்டும் நேர்மையாகவே கூட்டின.
இரண்டும் நாற்பத்திரண்டை வைத்துவிட்டு
வேலை முடிந்ததென்று திரும்பின.

பொய் சொன்னது ஒருவருமில்லை.

வெள்ளி காலை பஸ் எடுத்தேன்.
பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு,
இரண்டு பக்கமும் முழங்கால் அளவு கடல்.
துறையில் நின்று பார்த்தேன்.
இடப்பக்கம் ஒரு ரீச்சர், குடையை மடக்கியபடி.
வலப்பக்கம் கோழித்தீன் மூட்டையோடு ஒருவர்.
கம்பிகள் இரண்டும் ஒரே சத்தத்தில் சுழன்றன.
திரையில் ஒன்றுதான் ஏறியது.

அவர்கள் போய் ஒரே பலகையில் அமர்ந்தார்கள்.
தான் எண்ணப்பட்டதாகவே
இரண்டு பேரும் நம்பினார்கள்.
யார் விடுபட்டது என்று பெட்டியைக் கேட்டால்
அதற்குப் பெயர்கள் தெரியாது.
விடுபட்டவர் என்று எவரும் இல்லை,
விடுபட்டது மட்டும் உண்டு.

இந்த ஊரில் அந்த வாக்கியத்தைச்
சத்தமாகச் சொல்லக் கூடாது.
கச்சேரியடியில் படங்களை மடியில் வைத்துக்கொண்டு
இருக்கிறவர்களுக்குக் கேட்கும்.

திருத்தம் ஏழே வரி.
எடுக்கும்போது ஓர் அடையாளம் வை.
திரும்ப வைக்கப் போகையில் பார்:
இடையில் ஆராவது தொட்டார்களா?
தொட்டிருந்தால் உன் கூட்டல் செல்லாது.
வாக்குவாதம் வேண்டாம்.
திரும்பிப் போ, புதிதாக எடு.

அணு என்று பெயர் இதற்கு.
பிளக்க முடியாதது என்ற அந்தப் பழைய அர்த்தத்தில்,
பிளந்து காட்டிய பிறகும்.

அதற்குக் கீழே ஒரு தடை.
எண் மாறிய பிறகுதான் பச்சை விளக்கு எரிய வேண்டும்;
விட்டால் இயந்திரம் அவசரத்தில்
பின்னுள்ளதை முன்னே தள்ளிவிடும்.
யசோதினி என் தோளுக்கு மேலால் வாசித்தாள்.
"தடை எண்டு எழுதாதை.
வேறை சொல்லுப் பார்."
பதினொரு வயதில் ஓமந்தையில்
வெயிலில் வரிசையில் நின்றவள் அவள்.
கனநேரம் யோசித்தோம்.
வேறு சொல் கிடைக்கவில்லை.
வரியை அப்படியே விட்டு
குறிப்பை மட்டும் அழித்தேன்.

திங்கள் பின்னேரம் போன்.
"இண்டைக்குச் சரி, தங்கச்சி. தொண்ணூறுக்குத் தொண்ணூறு."
பின்னால் எஞ்சின் இரைந்தது,
ஆரோ கயிற்றை விடச் சொல்லிக் கத்தினார்கள்.
"ஆனா நானும் ஒருக்கா எண்ணிப் பாக்கிறனான்.
குறை நினைக்காதையும்."

எண்ணுங்கோ, என்றேன்.